இரண்டாம் வால்வு

வேலை முடிந்து நான் படிக்கப் போகும் மாலை வகுப்பில் எங்களுக்கு ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்தார்கள். குறிப்பேட்டின் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரிக்க வேண்டும். இடது பக்கம் ‘கண்டது’, வலது பக்கம் ‘நினைத்தது’. இரண்டையும் கலக்கக் கூடாது. எனக்கு இது பிடித்துப்போய் என் சொந்த நாட்குறிப்பையும் இப்படித்தான் எழுதிவருகிறேன். இந்த வாரத்தை மட்டும் கோடு போடாமல் எழுதுகிறேன். எது எந்தப் பக்கம் போகும் என்று எனக்கே தெரியவில்லை.

அணு உலை உருகி இரண்டு வருடமாகிறது. அதன் உள்ளிருந்து வெட்டியெடுக்கும் துண்டுகள் நான் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்துக்கு வருகின்றன. குழாய், தகடு, திருகாணி, என்னவென்று சொல்லமுடியாத கட்டிகள். எல்லாம் ஈயப் பெட்டியில் வரும். ஒரு மீட்டர் கனமுள்ள சுவர்களுக்குள் ஓர் அறை இருக்கிறது. அதை நாங்கள் ‘செல்’ என்போம். பெட்டியை அதற்குள் தள்ளிவிட்டு, மஞ்சள் நிறமான தடித்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, இரண்டு இயந்திரக் கைகளால் வேலை செய்வோம். நான் இங்கே என் விரல்களைக் குவித்தால் அங்கே இரும்பு விரல் குவியும். அரைக் கணம் தாமதமாக.

திங்கட்கிழமை வந்த பெட்டியின் சீட்டில், ‘அவசர நீர்க் குழாய், இரண்டாம் வால்வு’ என்று இருந்தது.

நான் சீட்டை மூன்று முறை படித்தேன்.

அன்று உலையில் மின்சாரம் போனதும் அந்தக் குழாய் வழியாகத்தான் தண்ணீர் உள்ளே போயிருக்க வேண்டும். போகவில்லை. வால்வைக் கையால் திறக்க ஓடியவன் என் அண்ணன். அவன் அங்கே ஆபரேட்டர். விசாரணை அறிக்கையின் அறுபத்தொன்றாம் பக்கத்தில் அவனைப் பற்றி ஒரு வாக்கியம் இருக்கிறது: ‘வால்வு மூடியிருப்பதைப் பார்த்தும், பணியிலிருந்த ஆபரேட்டர் அதைத் திறக்காமல் வெளியேறினார்.’ அண்ணன் இப்போது இல்லை. திறந்தேன் என்றுதான் சொல்லியிருந்தான்.

வால்வை வெளியிலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வழி இல்லை. அன்று அண்ணன் வெளியேறிய பிறகு, குழாய் பொருத்தும் பிட்டர்கள் இருவரை அதைத் திறக்க அனுப்பினார்கள். சக்கரம் அசையவே இல்லை. கம்பியைக் கொடுத்து நெம்பியதில் தண்டு முறிந்து கையோடு வந்துவிட்டது. கதிர்வீச்சு நிறைந்த அந்த அறையில் அவர்கள் பதினோரு நிமிடம் இருந்தார்கள். ஒருவர் நாற்பதாவது நாள் இறந்தார். இன்னொருவர் உயிரோடு இருக்கிறார் என்று மட்டும் சொல்கிறார்கள்.

ஆக, வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். உள்ளே தகடு மேலே ஏறியிருந்தால் திறந்திருக்கிறது. கீழே இறங்கியிருந்தால் மூடியிருக்கிறது.

கூடத்தின் தலைவியை நாங்கள் மேடம் என்போம். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“உன் அண்ணன் சமாசாரம்னு தெரியும். வேற ஆளைப் போடலாம்னா ஆள் எங்க இருக்கு? போன மாசம் மட்டும் மூணு பேர் நின்னுட்டாங்க. நீ கையை மட்டும் ஓட்டு. அளவெல்லாம் மில்லி எடுக்கட்டும். கேமரா ஓடிக்கிட்டே இருக்கணும்.”

மில்லி என்பது எங்கள் அளவையாளரின் பட்டப்பெயர். அவர் வாயில் எல்லாமே மில்லிமீட்டர்தான். “பொண்ணு பாக்கப் போன இடத்துல, மாப்பிள்ளை உயரம் என்னன்னு கேட்டாங்க. ஆயிரத்து அறுநூத்தி எம்பதுன்னேன். மாமனார் எந்திரிச்சு உள்ள போயிட்டார்” என்று புதிதாக வருகிற எல்லோரிடமும் சொல்வார். அன்று அதைச் சொல்லவில்லை. சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

“மெதுவா பண்ணலாம்மா. அது எங்கயும் ஓடிப்போகாது” என்றார்.

வீட்டில் நானும் அண்ணியும்தான். அண்ணி ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். அறுபத்தொன்றாம் பக்கத்தை அவள் எத்தனை பிரதி எடுத்திருப்பாள் என்று கணக்கே இல்லை. அந்த வாக்கியத்தின் கீழே சிவப்புக் கோடு இழுத்து, மனுவோடு இணைத்து, தெரிந்த அலுவலகம் தெரியாத அலுவலகம் எல்லாவற்றுக்கும் அனுப்பினாள். மிச்சம் ஒரு கட்டு அவளுடைய அறையில் இருக்கிறது. அவளுக்கு வேறு எதுவும் வேண்டாம். அந்த வாக்கியம் போக வேண்டும், அவ்வளவுதான். இறுதி அறிக்கை அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது.

“வந்துடுச்சா?” என்றாள், நான் செருப்பைக் கழற்றும் முன்பே.

“வந்துடுச்சு அண்ணி.”

“தொறந்து இருந்தா?”

“அந்தப் பக்கத்தை மாத்தியே ஆகணும்.”

“மூடி இருந்தா?”

நான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன்.

“மூடி இருந்தா நானும் வாயை மூடிக்கிறேன் போ. அந்த மிஷினுக்கே மனப்பாடம் ஆயிருக்கும், பேப்பர் வைக்காமலே அடிக்கும்” என்று சிரித்தாள். பிறகு தட்டை எடுத்து வைத்தாள். சாப்பிடும்போது இருவரும் பேசவில்லை.

நாங்கள் பேசாததற்குக் காரணம் உண்டு. அதையும் எழுதிவிடுகிறேன்.

விபத்து நடந்த அன்று உலையின் அவசர அலுவலகத்தில் தொலைபேசி மேசையில் இருந்தவள் நான். அண்ணன் சொல்லித்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது. வரும் தகவலை நேரம் போட்டுப் பதிவேட்டில் எழுதிப் பொறியாளர்களிடம் கொடுக்க வேண்டும். முற்பகல் பதினொன்று நாற்பத்திரண்டுக்கு அண்ணன் பேசினான். பின்னால் அபாய மணி அலறிக்கொண்டிருந்தது. ஒரே வாக்கியம் சொன்னான், “சொல்லிடு” என்றான், இணைப்பு அறுந்தது. நான் எழுதியது: ‘இரண்டாம் வால்வு மூடப்பட்டுள்ளது.’ அதை நம்பித்தான் பிட்டர்களை அனுப்பினார்கள். அதை நம்பித்தான் அறுபத்தொன்றாம் பக்கம் எழுதப்பட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் வீட்டுக்கு வந்த பிறகு தினமும் இதே பேச்சு. “என்ன சொன்னேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. ஆனா தொறந்தேன். கை எரிஞ்சுது, அது ஞாபகம் இருக்கு” என்பான். ஒருநாள் அண்ணி பொறுக்கமுடியாமல், “அப்ப உங்க தங்கச்சி பொய்யா எழுதியிருப்பா?” என்று கேட்டாள்.

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் மேசையில் வகுப்புப் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

“நீ சொன்னதைத்தான் எழுதினேன் அண்ணா” என்றேன்.

அதற்குப் பிறகு அவன் வால்வைப் பற்றிப் பேசவே இல்லை. நான்கு மாதம் கழித்து இறந்தான். அவன் சொல்வதை அன்று நானும் நம்பவில்லை, அண்ணியும் நம்பவில்லை. செத்த பிறகுதான் அண்ணி மனு எழுத ஆரம்பித்தாள்.

செவ்வாயும் புதனும் வெட்டுவதிலேயே போயின. வேகமாக வெட்டினால் சூடேறி உள்ளே இருப்பதன் நிலை கெடும். மில்லி கண்ணாடியில் மூக்கு உரச நின்று, “இன்னும் ரெண்டு மில்லி... நிறுத்து... மூச்சு விட்டுக்கோ... இன்னும் ஒண்ணு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். என் சட்டையில் குத்தியிருந்த, கதிர்வீச்சு அளக்கும் பேட்ஜை ஒரு மணிக்கு ஒருதரம் பார்த்துக் குறித்துக்கொண்டேன். அதில் ஒன்றும் ஏறவில்லை. ஆனாலும் குறித்தேன்.

வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு ரம்பம் கடைசி இழையை அறுத்தது. இரண்டு கைகளாலும் வால்வின் மேல் பாதியைப் பிடித்துத் திருப்பி வைத்தேன். விளக்கைக் கிட்டே கொண்டுபோனேன்.

தகடு முழுதாக மேலே ஏறியிருந்தது.

அதன் விளிம்பு மேல்கூட்டில் முட்டிக்கொண்டு நின்றது. அதற்கு மேல் அரை மில்லிகூட ஏற இடமில்லை. பிட்டர்கள் நெம்பியபோது சக்கரம் ஏன் அசையவில்லை என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஏற்கெனவே கடைசிவரை திறந்திருந்ததை அவர்கள் இன்னும் திறக்கப் பார்த்திருக்கிறார்கள்.

என் விரல்கள் பிடியை இறுக்கின. அரைக் கணம் கழித்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரும்பு விரல்களும் இறுகின.

“கையை விட்டுடும்மா, விட்டுடு. நான் பாத்துக்கறேன்” என்றார் மில்லி. கேமராவைத் திருப்பினார். தகட்டை அளந்தார். அப்புறம் அவர் விளக்கைத் தாழ்த்தி, தண்ணீர் போகும் துளையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். துளை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக, பால்கண்ணாடி மாதிரி, ஏதோ நிறைந்திருந்தது. அளவெடுக்கும் சின்ன இயந்திரக் கையின் ஊசியால் மேல்தோலைப் பெயர்த்தார். அடியில் அடுக்கடுக்காக உப்பு. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவது போல. உலையின் அணுப்பிளவை அடக்க அவசர நீரில் கலக்கும் மருந்து உப்பு அது. எங்கோ கசிந்து, காய்ந்து, கசிந்து, பல வருடமாகப் படிந்திருக்கிறது. யாரும் பார்க்கவில்லை.

மில்லி என் பக்கம் திரும்பினார். சந்தோஷத்தில் அவர் குரல் உடைந்திருந்தது.

“உங்க அண்ணன் தொறந்துட்டாரும்மா! தொறந்துதான் இருக்கு. அடைச்சிருக்கு, அதான் தண்ணி போகலை.”

அடைச்சிருக்கு.

எனக்கு அவர் குரலில் அது கேட்கவில்லை. அபாய மணிக்கு நடுவே, மூச்சிரைக்க, என் அண்ணன் குரலில் கேட்டது. “ரெண்டாம் வால்வு அடைச்சிருக்கு. சொல்லிடு.”

மில்லி என் தோளைத் தட்டி, “அழும்மா, நல்லா அழு, ரெண்டு வருஷத்துது” என்றார். அவருக்கு வேறொன்றும் தெரியாது.

மாலை வகுப்பில் முதல் பருவத்தில் ‘அறிக்கை எழுதுதல்’ என்று ஒரு பாடம். பேசுவது போல எழுதக் கூடாது, காதில் விழுந்ததை அப்படியே எழுதினால் அது அறிக்கை அல்ல, அரட்டை என்பார்கள். பேச்சு வாக்கியங்களை எழுத்து வாக்கியங்களாக மாற்றும் பயிற்சி வாரம் இருபது உண்டு. அதில் வகுப்பிலேயே எனக்குத்தான் முதல் மதிப்பெண். வியாழன் மாலை வீட்டுக்கு வந்ததும் அந்தப் பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். ஒன்பதாவது வாக்கியம்: ‘கடை அடைச்சிருக்கு.’ எதிரே என் கையெழுத்தில்: ‘கடை மூடப்பட்டுள்ளது.’ பக்கத்தில் சிவப்பு மையில் சரி போட்டிருந்தது. விபத்துக்கு ஆறு நாள் முந்தைய தேதி.

அண்ணி வந்து, “என்னாச்சு?” என்றாள்.

“இன்னும் முடியல அண்ணி. நாளைக்குச் சொல்றேன்.”

அவள் என் முகத்தைப் பார்த்துத் தப்பாக எடுத்துக்கொண்டாள். “சரி விடு. மூடித்தான் இருந்திருக்கும். நீ சாப்பிடு” என்றாள்.

அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முதலில் உறுதி செய்துகொள்ள நினைத்தேன். நான் கேட்டது உண்மையிலேயே அந்தச் சொல்தானா? இரண்டு வருடமாக நான் எழுதியதையே திரும்பத் திரும்பப் படித்து, கேட்டது என் காதிலிருந்து அழிந்துவிட்டது. இப்போது வந்த குரல் ஞாபகமா, ஆசையா? ‘கண்டது’ பக்கத்தில் அதை எழுத எனக்குத் துணிச்சல் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை மேடம், மில்லி எடுத்த அளவுகளை விசாரணை அலுவலரிடம் கொண்டுபோனார். நானும் வருகிறேன் என்றேன். அலுவலர் வயதில் இளையவர்தான். மேசையில் மூன்று பேனா, மூன்றும் ஒரே திசையில். அளவுகளைப் படித்துவிட்டுத் தலையசைத்தார்.

“திறந்திருக்கு. பிட்டர் வாக்குமூலத்தோடயும் ஒத்துப்போகுது. ‘திறக்காமல் வெளியேறினார்’ங்கறதை எடுத்துடறோம்.”

மேடம் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

“அதுக்குப் பதிலா, ‘வால்வைத் திறந்த பின்னும், அது மூடியுள்ளதாகத் தவறான தகவல் அளித்தார்’னு வரும்” என்றார் அலுவலர். “ஏன்னா தகவல் தப்பாத்தானே வந்திருக்கு. அடைப்புன்னு சொல்லியிருந்தா பிட்டர்களை அங்க அனுப்பியே இருக்க மாட்டாங்க. இன்னொரு குழாய் இருக்கே, வடக்கு லைன், அதுக்குப் போயிருப்பாங்க. அதுல தண்ணி போயிருக்குமான்னு யாருக்குத் தெரியும். ஆனா போயிருப்பாங்க.”

“அவன் சரியாத்தான் சொன்னான் சார். நான்தான் தப்பா எழுதினேன்” என்றேன்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். வகுப்பு நோட்டையும் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு எழுந்துபோய், பீரோவிலிருந்து உறையிட்ட பழைய பதிவேட்டைக் கொண்டுவந்து அந்தப் பக்கத்தைத் திறந்தார்.

பதினொன்று நாற்பத்திரண்டு. ‘இரண்டாம் வால்வு’ என்பதற்கும் ‘மூடப்பட்டுள்ளது’ என்பதற்கும் நடுவில் இரண்டு எழுத்து. ‘அடை’. அதை அடித்த ஒற்றைக் கோடு, பக்கத்தில் என் சுருக்கொப்பம். பதிவேட்டில் எழுதியதை அழிக்கக் கூடாது, ஒரு கோடு போட்டுக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. விதிப்படி செய்திருக்கிறேன். செய்தது கொஞ்சமும் நினைவில்லை.

“பாருங்க சார். அடைச்சிருக்குன்னு எழுத வந்து அடிச்சிருக்கேன்.”

அவர் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினார். “இருக்கலாம்மா. ஆனா ‘அடைக்கப்பட்டுள்ளது’ன்னு எழுத வந்து, ‘மூடப்பட்டுள்ளது’ நல்லா இருக்குன்னு மாத்தியிருக்கலாம் இல்லையா? ரெண்டுக்கும் ஒரே அர்த்தம்தானே. சரி, அவர் அடைச்சிருக்குன்னே சொல்லியிருக்கட்டும். கதவை அடைச்சான், கடையை அடைச்சான்னு நாமளே சொல்றோம். எந்த அர்த்தத்துல சொன்னார்னு இப்ப யாரைக் கேக்கறது?” கொஞ்சம் தயங்கினார். “அதுவும் நீங்க தங்கச்சி. இத்தனை நாள் கழிச்சு, வால்வை வெட்டினதுக்கு அப்புறம் வந்து சொல்றீங்க.”

வாக்குமூலமாக எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதினேன். ‘ரெண்டாம் வால்வு அடைச்சிருக்கு என்று என் அண்ணன் சொன்னார். அதை மூடப்பட்டுள்ளது என்று நான் எழுதினேன்.’ வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அரை மணியில் தட்டச்சு செய்த பிரதியைக் கையெழுத்துக்குக் கொண்டுவந்தார்கள். ‘இரண்டாம் வால்வு அடைக்கப்பட்டுள்ளது என்று என் அண்ணன் கூறினார்’ என்று இருந்தது. தட்டச்சு செய்த பெண்ணிடம் போனேன்.

“இதை மாத்திட்டீங்களே?”

“பேச்சு மாதிரி இருந்துதுங்க. சரிபண்ணிட்டேன்” என்றாள். உதவி செய்த முகத்தோடு சொன்னாள். நான் எழுதியபடியே திருப்பி அடிக்கச் சொன்னேன். அடித்துக் கொடுத்தாள். அதை அறிக்கையின் இணைப்பில் சேர்ப்பார்களாம். அறுபத்தொன்றாம் பக்கத்தில் அலுவலர் சொன்ன வாக்கியம்தான் வரும்.

வீட்டுக்கு வந்தபோது மணி நாலரை. அண்ணி கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தாள். இந்த முறை தள்ளிப்போடாமல் சொன்னேன். திறந்திருந்தது என்றதும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு உப்பைப் பற்றிச் சொன்னேன். பிறகு தொலைபேசியில் அவன் சொன்னதை. பிறகு நான் எழுதியதை. அவள் கை வாயிலிருந்து இறங்கிவிட்டது.

“இரு. அவர் என்ன சொன்னார்? அவர் வார்த்தையை மட்டும் சொல்லு.”

“ரெண்டாம் வால்வு அடைச்சிருக்கு. சொல்லிடு.”

“அடைச்சிருக்கு” என்று ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். “பாத்ரூம்ல தண்ணி தேங்கினா அவர் எப்படிச் சொல்வார்?”

“அடைச்சிருக்குன்னு.”

“கடை பூட்டியிருந்தா?”

யோசித்தேன். எனக்கு ஞாபகம் வருவதற்குள் அவளே சொன்னாள்.

“சாத்திட்டான்னுதான் சொல்வார். கடை சாத்திட்டான், கேட்டு சாத்திட்டான், கதவைச் சாத்து. பதினோரு வருஷம் கூட இருந்தேன். அடைச்சிருக்குன்னா அவருக்குக் குழாய்தான், மூக்குதான். பூட்டினதுக்கு ஒருநாள்கூட அந்த வார்த்தையைச் சொன்னதில்ல.” அவள் குரல் உயரவில்லை. “இந்த வார்த்தையை நீ அன்னைக்கு வீட்டுல ஒருதடவை சொல்லியிருந்தா நான் சொல்லியிருப்பேனே. அவரே சொல்லியிருப்பாரே.”

“எனக்கு ஞாபகம் இல்ல அண்ணி.”

“தெரியும்.”

“நாளைக்கு நீங்களும் வந்து ஆபீஸர்கிட்ட...”

“பொண்டாட்டி வந்து சொன்னா?” என்றாள். சிரிப்பு மாதிரி ஏதோ வந்து நின்றுவிட்டது. பிறகு என்னிடம் இல்லாமல் எதிர்ச் சுவரிடம், “உங்க தங்கச்சி பொய்யா எழுதியிருப்பாளான்னு கேட்டேன். அதுக்கு எங்கிட்ட அவர் ஒண்ணுமே சொல்லலை பாரு” என்றாள்.

எழுந்து தன் அறைக்குப் போனாள்.

ஆறு மணி வகுப்புக்கு நான் போகவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பிட்டர்களில் உயிரோடு இருப்பவரின் முகவரி மேடத்திடம் இருக்கும். கேட்க வேண்டும். போய் என்ன சொல்வது என்று வேறொரு தாளில் கோடு போட்டு, வலது பக்கத்தில் பலமுறை எழுதிப் பார்த்துவிட்டேன். திறந்திருந்த வால்வின் முன்னால் உங்களைப் பதினோரு நிமிடம் நிறுத்தியது நான் என்று சொல்ல எழுத்து வழக்கிலும் சொல் இல்லை, பேச்சு வழக்கிலும் இல்லை.

ஏழேகாலுக்கு அண்ணியின் அறைப் பக்கம் போனேன். உள்ளே காகிதம் கிழிபடும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு தாளாக, அவசரமில்லாமல். அந்தப் பிரதிக் கட்டு பெரியது, வெகுநேரம் ஆகும். “அண்ணி” என்றேன். சத்தம் நின்றது. பிறகு மறுபடி ஆரம்பித்தது.

கதவு சாத்தியிருக்கிறது.